கைது வேறு, வழக்கு வேறு

வணக்கம் சார்,

என் தங்கையை அவள் கணவர் மூன்று வருடமாக அடிக்கிறார். போன மாதம் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். "இப்பல்லாம் கைது பண்ண முடியாதும்மா, சுப்ரீம் கோர்ட் ஆர்டர்" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. அப்புறம் சட்டம் எதற்கு?

எம்.

அன்புள்ள எம்.,

கைதைப் பற்றி அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போடாததற்கு அது காரணமாகாது.

மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனையும் அவன் உறவினரையும் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவு 1983இல் வந்தது. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு. வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்பதால் கணவன், மாமியார், நாத்தனார் என்று வரிசையாகத் தூக்கினார்கள். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் தகுந்த காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்தால் போலீசார் மீதே துறை நடவடிக்கை, நீதிமன்ற அவமதிப்பு வேறு. கைது செய்தால் தலைவலி, செய்யாவிட்டால் ஒன்றுமில்லை என்றால் எந்த ஸ்டேஷன் கைது செய்யும்? ஆனால் வழக்கே பதியாதே என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. குடும்பத் தகராறுகளில் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று 2013இல் லலிதா குமாரி தீர்ப்பு வழிவிட்டது உண்மை. அந்த விசாரணைதான் நடைமுறையில் பஞ்சாயத்தாகிவிட்டது.

அரசு வழக்கறிஞர் பாடு இன்னும் மோசம். நம் ஊரில் இந்த 498-ஏ குற்றம் சமரசம் செய்துகொள்ளக்கூடியதல்ல. மனைவியே நினைத்தாலும் வாபஸ் வாங்க முடியாது. சாட்சி விசாரணை வருவதற்குள் விவாகரத்து, ஜீவனாம்சம் எல்லாம் வெளியே பேசி முடிந்திருக்கும். ஒன்று, உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்துசெய்து வாங்குவார்கள். இல்லையென்றால் அவள் கூண்டேறி "ஞாபகமில்லை" என்பாள். பிறழ் சாட்சி, விடுதலை. அப்புறம் இந்த விடுதலைகளையே எண்ணிக்காட்டி "எல்லாம் பொய் கேஸ்" என்பார்கள். எனக்கு எரிச்சலே வருகிறது.

சரி, தங்கைக்கு முதலில் அடி நிற்க வேண்டும். அதற்கு 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம்தான். இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், இலவச வக்கீலும் உண்டு. புகாருக்குப் போனபோதே போலீஸ் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். 5ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்பு உத்தரவு வந்தபிறகு கணவர் கைவைத்தால், 31ஆம் பிரிவில் உத்தரவை மீறியதே தனிக் குற்றம். கோர்ட் உத்தரவை வைத்துக்கொண்டு "பேசி முடிச்சுக்கோங்க" என்று சொல்வது ஸ்டேஷனுக்கும் கஷ்டம்.

அந்த சி.எஸ்.ஆர். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். மனுவோடு அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.