கதையும் வயலினும்: அம்பாசமுத்திரம் அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி,

போன சனிக்கிழமை பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு திருநெல்வேலிக்கு பஸ் ஏறி என்னிடம் யோசனை கேட்க வந்தீர்கள். "மக பிளஸ் டூ முடிக்கப் போறா. கேட்டா ராக்கெட் கதை எழுதப் போறேன், வயலின் வாசிக்கப் போறேன்னு சொல்லுதா. இதெல்லாம் ஒரு பொழப்பா சார்?" என்று கேட்டீர்கள். மகளை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் கேட்டீர்கள். ஆனால் என் அறைக் கதவு மெல்லிய பலகைக் கதவு. எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

அவள் கொடுத்துவிட்டுப் போன நோட்டைப் படித்து முடித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் கேள்வி.

தமிழில் அறிவியல் புனைகதை மட்டும் எழுதி ஒரு குடும்பம் நடத்துவது ரொம்பக் கஷ்டம். கணக்கு உங்களுக்குத் தெரியாததா? 250 ரூபாய் புத்தகம், எழுதியவருக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பிரதிக்கு 25 ரூபாய். 500 பிரதி விற்றால் மொத்தம் 12,500. அந்த 500 விற்க இரண்டு வருடம்கூட ஆகலாம். கச்சேரி வருமானமும் இதே மாதிரிதான். முகூர்த்த மாதங்களில் ஆள் கிடைக்காமல் அலைவார்கள், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வீடே இருக்காது. (வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஆடியில் கோயில் கொடைத் திருவிழா வரும். கதையையும் பாட்டையும் சேர்த்தே தொழிலாக வைத்திருப்பவர்கள் நம் சீமையில் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.)

ஆக, எப்போது வரும் என்று தெரியாத வருமானம் இரண்டு. இவற்றுக்கு நடுவே மாதம் பிறந்தால் வருகிற வருமானம் ஒன்று வேண்டும். அது எந்த வேலை என்பதில்தான் நீங்களும் நானும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அவள் எழுதலாமா கூடாதா என்பதில் உடைத்துப் பயனில்லை, எழுதத்தான் போகிறாள்.

எழுத்தை நம்பி வாழ்ந்த புதுமைப்பித்தன் கதியைச் சொன்னீர்கள். உண்மைதான், 1948இல் காசநோயில் போனபோது அவருக்கு 42 வயது. அதே நெல்லையைச் சேர்ந்த எழுத்தாளர் வண்ணதாசன் வங்கி வேலையில் இருந்துகொண்டே எழுதினார், 2016இல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். தமிழில் அறிவியல் புனைகதை என்றதும் முதலில் நினைவுக்கு வரும் சுஜாதா, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மாதச் சம்பளம் வாங்கிய பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆபீஸ் அவருடைய எழுத்தைக் கெடுக்கவில்லை, கதைக்குச் சரக்கு கொடுத்தது.

இரண்டையும் சேர்த்துச் செய்தவர் உண்டா என்று கேட்பீர்கள். தாய்லாந்தின் எஸ்.பி. சோம்தாவ் இருக்கிறார். இளமையில் இசையமைத்தார். அப்புறம் அமெரிக்காவில் அறிவியல் புனைகதை எழுதி, 1981இல் புதிய எழுத்தாளருக்கான ஜான் கேம்பெல் விருது வாங்கினார். பிறகு ஊர் திரும்பி, பாங்காக்கில் ஓபரா குழுவையே தொடங்கி நடத்தினார். கவனியுங்கள்: சில வருடம் ஒன்று முன்னால் வந்திருக்கிறது, சில வருடம் மற்றது. இரண்டையும் தினமும் சரிபாதியாகச் செய்ய வேண்டும் என்று உங்கள் மகள் நினைத்துக்கொண்டிருந்தால் அதை மட்டும் திருத்த வேண்டும்.

படிப்புக்கு வருவோம். என் யோசனை பி.எஸ்சி. இயற்பியல், அதுவும் பாளையங்கோட்டையிலேயே. இன்ஜினியரிங் வேண்டாமா என்றால், முன்பு ஒரு பையனை நானே அதற்குத் தள்ளினேன். நல்ல மிருதங்கக் கை. ஹாஸ்டல், அரியர், அப்புறம் சென்னையில் நைட் ஷிஃப்ட் என்று போய், இப்போது மிருதங்கம் பரண்மேல் இருக்கிறது. அவன் என்னிடம் கோபப்பட்டதில்லை, அதுதான் உறுத்துகிறது. கதையைப் பத்து வருடம் தள்ளிப்போட்டாலும் எழுதிவிடலாம், விரல் அப்படி இல்லை. காருகுறிச்சி தாண்டித்தானே பஸ்ஸில் வந்தீர்கள்? அந்த ஊர் நாதஸ்வரக்காரர் அருணாசலம்கூட நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்து பாடம் கேட்டவர்தான். ஆகவே வயலின் வாத்தியார் வீட்டுக்குப் போய்வரும் தூரத்தில் கல்லூரி இருக்கட்டும்.

2022 முதல் ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிக்கிறது. நேரில் இயற்பியல், தொலைநிலையில் இசை என்று வைத்துக்கொள்ள வழி உண்டு. சேரும்முன் கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்னொரு பாதை, தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் படிப்பு. சத்தத்தின் அறிவியலும் காதும் ஒரே வேலையில் சேரும். ஆனால் அது சென்னை, அதனால் எனக்கு இரண்டாம் பட்சம்.

வயலின் வாசிப்பில் தேறியதும் ஆகாசவாணி வானொலியின் கலைஞர் தேர்வுக்குப் போகட்டும். பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிப்பார்கள். பணம் பெரிதாக வராது. ஆனால் கச்சேரிக்குக் கூப்பிடுபவர்கள் அந்தத் தரத்தைக் கேட்பார்கள்.

ஒரு விஷயத்தில் உங்கள் கடைப் புத்தி அவளுக்கு வேண்டும். பதிப்பாளரோ பாட்டுக் கம்பெனியோ காகிதம் நீட்டினால் நீங்கள் படித்துப் பாருங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரியில் பேனாவை வைத்துப் பேரம் பேசுங்கள். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும் சொத்து அது. நிலப் பத்திரத்தை இப்படிப் படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்களா?

இனி நோட்டு. ஏழு கதை இருக்கிறது. நாலு சுமார், எங்கேயோ படித்த அமெரிக்க ராக்கெட். மற்ற மூன்றும் நம் ஊர். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கும் நாளில் ஆடு மேய்க்கும் கிழவிக்கு ஒரு குரல் கேட்கிறது என்று ஒன்று. அதைப் படித்துவிட்டு டீ ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை. ஆனால் ஏழில் ஐந்து பாதியில் நிற்கிறது. எனக்கு உண்மையான கவலை அதுதான். ரிசல்ட் வருவதற்குள் இரண்டையாவது முடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படிக்க வேண்டாம், முடித்துவிட்டாளா என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த முறை வரும்போது அவளை உள்ளேயே உட்கார வைப்போம். வயலினையும் எடுத்து வரட்டும். கயத்தாறு காற்றாலைகள் ஒரு ராத்திரி எல்லாம் சேர்ந்து எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்த இடத்தில் மூன்றாவது கதை நிற்கிறது. ஏன் சுற்றின என்று அவளிடம் கேட்க வேண்டும்.