கீழே கடை, மேலே வீடு: சாய்தளம் கட்டாயமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் கீழே கடையும் மேலே வீடுகளுமாகக் கட்டப்போகிறீர்கள். சக்கர நாற்காலி ஏறிவரச் சாய்தளம் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கடைப் பகுதிக்கு வேண்டும். தனியார் கட்டடமானாலும், பொதுமக்கள் வந்துபோகும் வணிக இடம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொதுக் கட்டடமே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து நம் பக்கத்தில் தரைமட்டத்தை உயர்த்திவிடுகிறோம். சாய்வு 1:12க்கு மேல், அதாவது 12 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. உயர்வுக்கு மேல் கூடாது, 60 செ.மீ. உயர்த்தினால் சாய்தளத்துக்கே 7.2 மீட்டர் வேண்டும். குறுகிய மனையில் மடித்துத்தான் போட முடியும். திரும்பும் இடத்தில் ஒன்றரை மீட்டர் சமதளம் விடுங்கள். தெருவில் நீட்டிவிடலாம் என்று மேஸ்திரி சொல்வார், கேட்காதீர்கள், அது ஆக்கிரமிப்பு. வாசலுக்கு 90 செ.மீ. அகலம். வீடுகளுக்கான லிஃப்டை நான்கு படி ஏறித்தான் அடைய முடியும் என்றால் அத்தனையும் வீண்.