வினாப்பட்டியல் தயாரான பிறகு எதற்குப் பங்காளர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பல்கலைக்கழக விரிவுரையாளர். மாற்றுத்திறன் மாணவர்களை உள்ளடக்கிய கல்வி பற்றி ஆய்வு தொடங்குகிறேன். வினாப்பட்டியல் தயார். மாணவர்களையே ஆய்வுப் பங்காளர்களாகச் சேர்க்க விரும்புகிறேன். எத்தனை பேரைச் சேர்க்கலாம்? பயிற்சி இல்லாதவர்களால் ஆய்வின் தரம் குறையாதா?

ச.

அன்புள்ள ச.,

கேள்விகளையெல்லாம் நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால், படிவத்தைக் கொடுத்து வாங்கி வருவதுதான் மாணவர்களுக்கு மிச்சம். அதற்குப் பெயர் எடுபிடி வேலை. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் உண்மையான அக்கறை தெரிகிறது, அதனால்தான் கடிந்துகொள்கிறேன். இந்த விஷயம் கொஞ்ச நாளாகவே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படியொரு ஆய்வுக் குழுவில் நானும் இருந்திருக்கிறேன். 'பாடக்குறிப்புகள் மின்வடிவில் கிடைக்கின்றனவா? ஆம்/இல்லை' என்று ஒரு கேள்வி. பார்வையற்ற மாணவி ஒருவரிடம் கருத்துக் கேட்டார்கள். அவர் மடிக்கணினியில் ஒரு குறிப்பைத் திறந்து காட்டினார். யாரோ புத்தகப் பக்கங்களைப் படமெடுத்துக் கோப்பாக்கியிருந்தார்கள். திரையிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் பக்க எண்ணைச் சொன்னது, அதோடு நின்றுவிட்டது. "கிடைக்கிறது ஐயா. 'ஆம்' என்றுதானே குறிக்க வேண்டும்?" என்றார். பிறகு அவரே ஒரு கேள்வி சொன்னார்: பாடம் நடந்ததற்கும், படிக்கக்கூடிய குறிப்பு கைக்கு வந்ததற்கும் இடையில் எத்தனை நாள்?

குழுத் தலைவர் அதைச் சிரத்தையாகக் குறித்துக்கொண்டார். அச்சான படிவத்தில் பழைய கேள்விதான் இருந்தது. அறிக்கையின் முன்னுரையில் மாணவிக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். அந்த 'ஆம்'களை எந்தப் புள்ளியியல் முறையில் கூட்டினாலும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் வரும். தரத்தைப் பற்றிய உங்கள் கவலையை இங்கே வையுங்கள்.

இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த லெ கோர்ட் இல்லத்தில் நடந்தது இன்னும் கசப்பானது. தங்கள் வாழ்வைத் தாங்களே நடத்தும் உரிமைக்காக நிர்வாகத்தோடு மோதிய அங்குள்ள மாற்றுத்திறனாளிகள், ஆய்வாளர்களைத் தாங்களே அழைத்தார்கள். எரிக் மில்லரும் ஜெரால்டின் க்வினும் வந்தார்கள், 'நடுநிலை' காத்தார்கள். இத்தகைய இல்லங்களின் வேலை சமூக மரணத்திலிருந்து, அதாவது சமூகம் ஒருவரைக் கைகழுவிவிட்ட நிலையிலிருந்து, உடல் மரணம்வரை ஆட்களைக் கொண்டுசேர்ப்பது என்றது 1972இல் வெளியான அவர்கள் ஆய்வு. அழைத்தவர்களுக்குக் கிடைத்த பதில் அது! அந்த இல்லத்தில் வாழ்ந்த பால் ஹன்ட், அந்த ஆய்வாளர்களை ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். அவர் மறைந்த பிறகு, 1981இல், அந்தக் கட்டுரை அச்சாயிற்று. அழைத்தது யாராக இருந்தாலும், எதை ஆராய்வது என்று தீர்மானித்தது ஆய்வாளர்கள்தான்.

ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காகச் சிறார் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே ஏற்கவில்லை. வெறும் அலங்காரத்துக்காகச் சேர்ப்பது அவற்றில் ஒன்று. முன்னுரை நன்றிகள் எந்தப் படி என்று நீங்களே பாருங்கள்.

எத்தனை பேர் என்பது பெரிய விஷயமில்லை. ஒருவரோடு மட்டும் நிறுத்தாதீர்கள், எல்லோருக்குமாக அவரே பேச வேண்டியதாகிவிடும். உங்களிடம் மதிப்பெண் வாங்குகிறவர்கள் வேண்டாம், அவர்களால் உங்களை மறுத்துப் பேச முடியாது. இருக்கிற வினாப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, வெற்றுத்தாளோடு முதல் கூட்டத்துக்குப் போங்கள். அவர்கள் நேரத்துக்கான ஊதியத்தை நிதி விண்ணப்பத்தில் இப்போதே சேருங்கள். நிதி ஒதுக்கிய பிறகு கேட்டால் அந்தத் தலைப்பே இல்லை என்பார்கள்.