கிரேட் லேக்ஸ் 1943 – கடிதம்

அன்புள்ள ஐயா,

1943 நவம்பர் 27 அன்று நடந்த அமெரிக்கக் கால்பந்து (கையால் பந்தை எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் ஆட்டம்) போட்டியில், அமெரிக்கக் கடற்படையின் கிரேட் லேக்ஸ் பயிற்சித் தளத்தின் அணி, அதுவரை தோல்வியே காணாதிருந்த நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியை 19-14 என்ற கணக்கில் வென்றதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எனக்கு ஒரு நெருடல். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குச் சீருடை மாட்டி, மாணவர்களோடு மோதவிட்டு வெல்வதில் என்ன பெருமை இருக்கிறது? இரண்டாம் உலகப்போரில் பசிபிக் கடலின் தராவா தீவில் மரைன் வீரர்கள் (கடலிலிருந்து தரையிறங்கிப் போரிடும் அமெரிக்கப் படையினர்) கொத்துக்கொத்தாக மாண்ட அதே மாதத்தில் கடற்படை பந்து விளையாடிக்கொண்டிருந்ததை எப்படிப் புரிந்துகொள்வது?

க.

அன்புள்ள க.,

உங்கள் முதல் கேள்வி, ஒருபுறம் படை, மறுபுறம் மாணவர்கள் என்ற பிரிவினையை அடிப்படையாகக் கொண்டது. 1943-இல் அமெரிக்கக் கால்பந்து மைதானங்களில் அந்தப் பிரிவினை ஏறத்தாழ இல்லாமல் போயிருந்தது என்பதே என் எண்ணம். வருங்கால அதிகாரிகளைக் கல்லூரிகளில் படிக்கவைத்துத் தயாரிக்கும் வி-12 என்ற திட்டத்தைக் கடற்படை அவ்வாண்டு ஜூலையில் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் கல்லூரி அணியில் ஆடலாம் என்று கடற்படை அனுமதித்தது. தரைப்படையோ, தன் செலவில் கல்லூரியில் படித்தவர்களுக்கு விளையாட நேரமில்லை என்று தடை விதித்தது. ஆகவே கடற்படைப் பயிற்சி மாணவர்கள் வந்து சேர்ந்த கல்லூரிகள் கொழித்தன, மற்றவை திணறின, பல கல்லூரிகள் ஆட்டத்தையே நிறுத்திவைத்தன. அன்றைய நோட்டர் டேம் அணியிலேயே பலர் கடற்படை, மரைன் பயிற்சி மாணவர்கள்தாம்.

பர்டூ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். இல்லினாய் அணியின் முக்கிய ஆட்டக்காரர்களான டோனி புட்கோவிச்சையும் அலெக்ஸ் அகாஸேயையும் மரைன் படை பயிற்சிக்காக அங்கே அனுப்பியது. அக்டோபரில் பர்டூ இல்லினாயை 40-21 என்று தோற்கடித்தபோது, முந்தைய ஆண்டு வரை தன் சொந்த அணியாக இருந்த இல்லினாய்க்கு எதிராகவே புட்கோவிச் நான்கு டச் டவுன்களை (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து எடுக்கும் புள்ளிகள்) எடுத்தார். அதற்கு இரண்டு வாரங்கள் முன்புதான் இதே பர்டூ, நீங்கள் குற்றஞ்சாட்டும் கிரேட் லேக்ஸை 23-13 என்று வென்றிருந்தது. பின்னர் நார்த்வெஸ்டர்னும் அதைத் தோற்கடித்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருந்தும் கிரேட் லேக்ஸ் அந்தப் பருவத்தில் இரண்டு முறை கல்லூரிகளிடம் அடிவாங்கியது என்பதை மறந்துவிட வேண்டாம்.

நவம்பர் 27-ஆம் தேதி ஆட்டத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். கிரேட் லேக்ஸுக்காக ஆடிய ஸ்டீவ் ஜுஸ்விக் முன்னாள் நோட்டர் டேம் மாணவர். எமில் சிட்கோவோ முந்தைய ஆண்டு அங்கே முதலாண்டு மாணவராக இருந்தவர், போருக்குப்பின் அங்கேயே திரும்பிச் சென்று புகழ்பெற்றவர். நோட்டர் டேமின் முதன்மை குவார்ட்டர்பேக்கான (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆஞ்செலோ பெர்டெல்லியை ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் மரைன் படை அழைத்துக்கொண்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் நோட்டர் டேம் நெடுந்தொலைவு முன்னேறி 14-12 என்று முந்தியது. அரை நிமிடமே எஞ்சியிருந்த நிலையில், பந்தோடு ஓடப்போவதுபோல் பக்கவாட்டில் நகர்ந்த கிரேட் லேக்ஸின் ஸ்டீவ் லாக், சட்டென்று நின்று, தடுப்பவர்களைத் தாண்டித் தனியாக ஓடிக்கொண்டிருந்த பால் ஆண்டர்சனுக்கு எறிந்தார். அது வெற்றிக்கான டச் டவுனாக முடிந்தது. அவ்வளவுதான் ஆட்டம். லாக் தொழில்முறை ஆட்டக்காரர் என்பது உண்மை. ஆனால் ஆண்டர்சன் அப்படித் தனியாக விடப்பட்டது நோட்டர் டேம் தற்காப்பின் தவறு, தொழில்முறை அனுபவத்தின் வெற்றியல்ல. தோற்றபிறகும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் நோட்டர் டேமே முதலிடம் பெற்றது. அதனிடம் ஒரே புள்ளியில், 14-13 என்று தோற்ற அயோவா முன்பறப்புப் பயிற்சிப் பள்ளி (கடற்படை விமானிகளைப் பறப்பதற்கு முன் பயிற்றுவித்த இடம்) இரண்டாமிடத்தையும், கிரேட் லேக்ஸ் ஆறாமிடத்தையும் பெற்றன. வாக்களித்த செய்தியாளர்கள் இரு தரப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தியதாகவே இதை நான் வாசிக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. கடற்படை விமானிகளின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருந்த டாம் ஹாமில்டன், மோதிக்கொள்ளும் ஆட்டங்கள் போர்க்குணத்தை வளர்க்கும் என்று உறுதியாக நம்பினார். அந்த வாதத்தில் பாதி, ஆட்டத்தின்மேல் கொண்ட காதல் என்றே தோன்றுகிறது. ஆனால் ஆடியவர்கள் போரிலிருந்து தப்பி ஒளிந்தவர்கள் என்று நீங்கள் கருதினால் அது அநியாயம். நான்கு டச் டவுன் எடுத்த புட்கோவிச் 1945 ஏப்ரலில் ஒகினாவாவில் கொல்லப்பட்டார்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 1945 டிசம்பர் 1 அன்று, போர் முடிந்து மாதங்கள் கடந்தபிறகு, பால் பிரவுன் பயிற்சியளித்த கிரேட் லேக்ஸ் நோட்டர் டேமை 39-7 என்று நொறுக்கியது. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்ற, இருபத்தைந்து வயது மரியன் மோட்லி அன்று தளத்தின் பக்கம் ஆடினார். நோட்டர் டேமின் பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹியும் அதன் குவார்ட்டர்பேக் ஜானி லுஜாக்கும் கடற்படைப் பணிக்காகச் சென்றதால் அந்தப் பருவத்தில் அணியில் இல்லை. முறையற்ற போட்டி என்ற உங்கள் குற்றச்சாட்டை அந்த ஆட்டத்தின்மேல் வைத்தீர்களானால் நான் மறுத்து வாதிட மாட்டேன்.