எத்தனால் வைத்த டிஸ்க்கிலும் வட்டம் வந்தால்

தங்கச்சி, கிருமி வளர்த்த தட்டில் வெற்றிலைச் சாறு டிஸ்க்கைச் (சாறு ஊறிய சிறு வட்டக் காகிதம்) சுற்றி கிருமி வளராத தெளிவு 14 மில்லிமீட்டர், சாறு எடுத்த வெறும் எத்தனால் (சாராயம்) விட்ட டிஸ்க்கைச் சுற்றியும் 11, அப்படியென்றால் இலை வேலை செய்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கிருமியைத் தடுத்தது எத்தனாலாகவே இருக்கலாம். டிஸ்க்கை ஈரத்தோடு அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்) வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 10 மைக்ரோலிட்டர் விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த சொட்டு. கடைசியில் சாராய வாடை துளியும் இருக்கக்கூடாது. சுங்கை சிப்புட் பக்கம் மழைக்காலத்தில் காற்றே ஈரம், அரை மணி நேரம் போதவே போதாது.

அப்புறம் இலை. தோட்டத்து வீட்டில் நான் காயவைத்தபோது நடு நரம்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது, கவனிக்காமல் அரைத்து ஒரு வார வேலை வீணானது. நிழலில் போடுங்கள், காம்பு படக்கென்று ஒடிய வேண்டும். சரி, அகார் 4 மில்லிமீட்டர் கனம் இருக்கிறதா? மெலிந்தால் வட்டம் பெரிதாகிவிடும்.