விடிய எழும்பினால் வண்டிக்குக் கீழே ஒயில்: கியர் பொக்ஸை இறக்குவதற்கு முன்

கேள்வி: குச்சவெளியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 3எல் டீசல் எஞ்சின். நாளாந்தம் விடியப்புறம் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு திருகோணமலை டவுனுக்கு வந்துபோகிறார். "எஞ்சினும் கியர் பொக்ஸும் சேருகிற இடத்தில் ஒயில் சொட்டுகிறது. ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் ஊற்றவேண்டி இருக்கிறது. ஒரு கராஜில் கிராங்கின் பின் சீல் போய்விட்டது, கியர் பொக்ஸை இறக்கவேண்டும் என்கிறார்கள். இன்னொருவர் எஞ்சினையே பிரிக்கச் சொல்கிறார். அடுத்த மாதம் கொழும்புக்கு ஒரு பயணமும் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?"

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்கவேண்டாம். எஞ்சினைக் கழுவிவிட்டுப் பார்த்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடத்து அழுக்கு அப்பியிருக்கிற எஞ்சினைக் கீழே குனிந்து ஒரு தரம் பார்த்துவிட்டு, இன்ன சீல்தான் போயிற்று என்று எவராலும் சொல்லமுடியாது.

ஒயில் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. மேலே எஞ்சின் ஹெட்டை மூடுகிற டப்பட் கவரில் கசிந்தாலும் அது புளொக்கின் பக்கவாட்டில் வழிந்து கீழேதான் வரும். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து அடிக்கிற காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே எங்கே கசிந்தாலும் கடைசியில் வந்து சேருகிற இடம் எஞ்சினின் பின்பக்க அடி. கிராங் தண்டின் பின் முனையில் ஒயிலைத் தடுக்கிற வளையமான பின் சீல் இருக்கிற இடமும் அதுதான். செய்யாத குற்றத்துக்கெல்லாம் அந்தச் சீல் பழி சுமக்கிறது. கிண்ணியாவில் இருந்து நெல் ஏற்றுகிற ஒரு பிக்கப் என்னிடம் வந்தபோது, அதே குற்றத்துக்காக ஏற்கெனவே இரண்டு தரம் கியர் பொக்ஸ் இறக்கி இரண்டு புதுச் சீல் போட்டிருந்தார்கள். ஒயில் நிற்கவில்லை. கழுவிப் பார்த்தால், ஹெட்டின் பின் முனையில் டப்பட் கவருக்குக் கீழே இருக்கிற அரைவட்ட றப்பர் கல்லாக இறுகிப்போயிருந்தது. நகத்தால் கிள்ளினால் துண்டு துண்டாக உதிர்ந்தது. அதை மாற்ற அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. அந்த மனிதர் இரண்டு தரம் கொடுத்த கூலியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனது பொறுக்காது.

முதலில், சொட்டுவது எஞ்சின் ஒயில்தானா என்று பாருங்கள். உங்கள் பக்கத்து முற்றமெல்லாம் மணல். சொட்டுவதை மணல் அப்படியே குடித்துவிடும், நிறமும் தெரியாது, அளவும் தெரியாது. இரவில் வண்டியை மட்டமான இடத்தில் விட்டு, கீழே பெரிய காட்போட் மட்டை ஒன்றை விரித்து, முன் ரயர் இரண்டும் நிற்கிற இடத்தை அதில் பேனையால் குறித்துவையுங்கள். விடிய எழும்பி மட்டையை இழுத்துப் பார்த்தால் சொட்டு எதற்கு நேர்கீழே விழுந்தது என்பது தெரியும். டீசல் எஞ்சின் ஒயில் என்றால் கறுப்பு, கையில் பட்டால் இலேசில் போகாது. கியர் ஒயில் தேன் மாதிரிக் கொஞ்சம் தடிப்பு, கந்தகம் கலந்த ஒரு கெட்ட மணம் அடிக்கும். அந்த மணம் வந்தால் குற்றம் எஞ்சினில் இல்லை, கியர் பொக்ஸின் முன் சீலில். பவர் ஸ்டியரிங் இருக்கிற வண்டியில் சிவப்பாக வடிந்தால் அது ஸ்டியரிங் ஒயில். டீசல் பம்ப் பக்கம் கசிகிற டீசலையும் மறக்கவேண்டாம். அது பழைய அழுக்கைக் கரைத்துக்கொண்டு கறுப்பாக வடிவதால் ஒயில் என்றே ஆட்கள் நம்பிவிடுவார்கள். மணந்து பார்த்தால் பிடிபடும்.

அடுத்தது ஒரு கணக்கு. இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 20 சொட்டு. அரை லீற்றர் என்றால் 10,000 சொட்டு. ஆயிரம் கிலோமீற்றருக்குப் பத்தாயிரம் சொட்டு என்றால் கிலோமீற்றருக்குப் பத்துச் சொட்டு. அவ்வளவும் வெளியேதான் போகிறது என்றால் வண்டியின் அடிவயிறு கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சு வரைக்கும் நனைந்து, அதில் றோட்டுப் புழுதி படிந்து சேறாகி இருக்கவேண்டும். பின்கதவிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அப்படி இருக்கிறதா? இல்லை, இராத்திரிக்கு நாற்பது சொட்டு மட்டும்தான் மட்டையில் விழுகிறதா? நாற்பது சொட்டு என்பது வெறும் 2 மில்லிலீற்றர். நிலத்தில் பார்த்தால் பயங்கரமாகத் தெரியும், ஆனால் ஒரு லீற்றர் முடிய ஐந்நூறு இரவு வேண்டும். அடிவயிறு காய்ந்திருந்தால் உங்கள் ஒயிலின் பெரும்பங்கு எஞ்சினுக்குள்ளேயே எரிகிறது. விடியப்புறம் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வருகிறதா என்று யாரையாவது பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். எரிகிற ஒயிலைப் புதுச் சீல் போட்டு நிறுத்தமுடியாது. ஊற்றுகிற கணக்கை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்: திகதி, மீற்றரில் உள்ள கிலோமீற்றர், ஊற்றிய அளவு.

இனி மூச்சுக் குழாய். கராஜ்களில் அதிகம் பேர் தொடாமல் விடுகிற இடம் இது. பிஸ்டன் றிங்கைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் காற்று கிராங் இருக்கிற அறைக்குள் இறங்கும். அது டப்பட் கவரில் இருந்து இன்ரேக் பக்கம் போகிற பிறீதர் ஹோஸ் வழியாக வெளியேறவேண்டும். அந்த ஹோஸ் கரி பிடித்து அடைத்தாலோ, சூட்டில் மெலிந்து உள்ளுக்கு ஒட்டிக்கொண்டாலோ அழுத்தம் உள்ளேயே நிற்கும், நல்ல சீல்களில் இருந்தும் ஒயிலைப் பிதுக்கும். ஹோஸைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், தாராளமாகப் போகவேண்டும். பிறகு எஞ்சின் சூடான நிலையில், ஐட்லில் ஓட, ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அதையே துளையின்மேல் தலைகீழாக வையுங்கள். டீசல் எஞ்சினில் மூடி கொஞ்சம் ஆடுவது வழமை. தட்டித் தூக்கி எறிகிறது, புகை குப்குப்பென்று வருகிறது என்றால் றிங் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் எஞ்சினைப் பிரிக்கச் சொன்னவர் சொன்னதில் நியாயம் உண்டு. இதைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் கொஞ்ச நாளில் கசியும்.

டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கசியும். ஊற்றாமலே மட்டம் ஏறுகிறது என்றால் ஒயிலுக்குள் டீசல் கலக்கிறது, அந்த வண்டியை ஓட்டவேண்டாம்.

இப்போது கழுவும் வேலை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஓல்டனேற்றரையும் காற்று போகிற வாயையும் பொலித்தீன் பையால் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு மேலிருந்து கீழாகத் தேயுங்கள். பிறகு சலவைத்தூள் கரைத்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். கிணற்றடியில் மட்டும் செய்யவேண்டாம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் கொட்டுகிற எண்ணெய் நேரே இறங்கி நீங்கள் குடிக்கிற தண்ணீருக்கே வந்துசேரும். கழுவு தொட்டியும் வடிகாலும் உள்ள சேர்விஸ் ஸ்ரேஷனில் காசு கொடுத்துச் செய்விப்பது நல்லது.

காய்ந்த பிறகு குழந்தைகளுக்குப் போடுகிற பவுடரைச் சந்தேகமான பொருத்துகளில் மெல்லத் தூவுங்கள். பத்து நிமிடம் ஐட்லில் விட்டு, பிறகு இருபது கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து, எஞ்சினை நிறுத்தி ரோச் லைற் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு ஒன்று இறங்கியிருக்கும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்துபோங்கள். ஈரத்தின் ஆக உயர்ந்த, ஆக முன்னுக்கு உள்ள இடம்தான் ஊற்றுக்கண். வண்டிக்குக் கீழே போவதென்றால் கைபிரேக் போட்டு, பின் சில்லுக்கு மரக்கட்டை வைத்து, சரியான ஸ்ராண்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பியோ, சீமெந்துக் கல்லை அடுக்கியோ ஒருநாளும் கீழே போகாதீர்கள்.

உங்கள் எஞ்சினில் நான் முதலில் பார்ப்பது ஓல்டனேற்றரின் முதுகை. பிரேக் பெடலை இலேசாக்குகிற பூஸ்டருக்கு வேண்டிய வக்கூம் பம்ப் அங்கேதான் பூட்டியிருக்கிறது. அதற்கு எஞ்சின் ஒயில் போகும், றப்பர் ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். வருடக்கணக்காய்ச் சூட்டில் கிடந்த ஹோஸ் கிளிப் பிடிக்கிற இடத்தில் வெடிக்கும். விரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். பம்பின் சீல் போனால் ஒயில் ஓல்டனேற்றருக்குள் போய் அதையும் கெடுக்கும். பிரேக் பெடல் கடினமாகிவிட்டது போல இருந்தால் இந்தப் பக்கம் உடனே பாருங்கள், அது ஒயில் செலவோடு நிற்கிற விஷயமல்ல.

அடுத்தது டப்பட் கவர் கஸ்கட், அதிலும் பின் மூலை. பிறகு ஒயில் பிறஷர் சுவிட்ச்: அது கசிந்தால் எஞ்சின் ஓடும்போது மட்டும் கசியும், நிற்கும்போது காய்ந்து கிடக்கும். அண்மையில் ஒயில் பில்டர் மாற்றியிருந்தால் பழைய பில்டரின் றப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கிடக்க, அதன்மேல் புதியதைப் பூட்டிவிட்டார்களா என்று கழற்றிப் பாருங்கள். முன்பக்கம் டைமிங் கவரின் அடியில் ஈரம் இருந்தால் தாமதிக்காதீர்கள். 3எல் எஞ்சின் டைமிங் பெல்ட்டில் (வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற றப்பர் பட்டி) ஓடுவது, ஒயில் குடித்த பெல்ட் 100,000 கிலோமீற்றர் வரை தாங்காது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். முன் சீலோடு பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கடைசியாகச் சம்ப், எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற தொட்டி. உப்புக் காற்றும், தோணி இழுக்க வண்டியைக் கடற்கரைக்கு இறக்குகிற பழக்கமும் சேர்ந்தால் தகரச் சம்ப் பெயின்ருக்கு அடியில் துருப்பிடித்து ஊசித்துளை விழும். கூரான சாமானால் குத்திப் பார்க்கவேண்டாம், துணியால் துடைத்துவிட்டு மறுபடி எங்கே நனைகிறது என்று பாருங்கள்.

இவ்வளவும் காய்ந்திருந்து, கியர் பொக்ஸ் மூடியின் அடித்துளையில் மட்டும் கறுப்பு ஒயில் வந்தால் உங்கள் கராஜ்காரர் சொன்னது சரி, பின் சீல்தான். கியர் பொக்ஸை இறக்குகிற அன்றைக்கே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பெயாறிங்கையும் பார்த்து மாற்றச் சொல்லுங்கள், ஒரே கூலியில் முடியும். கிராங்கில் பழைய சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு சாமானுக்குக் கை நீட்டவேண்டாம். ஒன்று, கசிவை நிறுத்துகிறது என்று விற்கிற ஒயில் மருந்து. அது றப்பரை ஊதவைக்கிறது, வெடித்த ஹோஸை ஒட்டாது. மற்றது, அள்ளி அப்புகிற சிலிக்கன். சம்ப் கழற்றிய ஒரு வண்டியில் ஒயில் உறிஞ்சுகிற வலையில் சிவப்புச் சிலிக்கன் துண்டுகள் இறால் தோல் மாதிரி ஒட்டிக்கிடந்ததைக் கண்டேன். வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும், அது அறுந்து வலையை அடைக்கும், பெயாறிங் காய்ந்து போகும். டப்பட் கவர் போல்ட்டையும் பலம் போட்டு இறுக்காதீர்கள், தகடு வளைந்தால் புதுக் கஸ்கட்டும் கசியும்.

கொழும்புக்குப் போகலாமா? ஒயில் சூடான எக்ஸோஸ்டில் விழுந்து புகைகிறது என்றால் போகவேண்டாம், அது தீப்பிடிக்கக்கூடியது. பிரேக் பெடல் கடினமாக இருந்தாலும், டைமிங் கவரில் ஈரம் இருந்தாலும் போகவேண்டாம். இவை இல்லாவிட்டால், புறப்படுகிற விடியப்புறம் எஞ்சின் குளிராக இருக்கும்போது மட்டம் பார்த்து, நீங்கள் வழமையாகப் போடுகிற அதே ஒயிலில் 2 லீற்றர் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். டவுனில் இருந்து சுமார் 260 கிலோமீற்றர். கந்தளாய் தாண்டி ஹபரணையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்துவீர்கள்தானே, மட்டமான இடமாகப் பார்த்து நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். குருநாகலில் இன்னொரு தரம். இடையில் ஒயில் லைற் எரிந்தால், அடுத்த கராஜ் வரைக்கும் ஓடுவோம் என்று நினையாமல், அந்த இடத்திலேயே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.