டிசம்பரில் எதையும் முழுசாகக் கவனிக்க முடியவில்லை என்பவருக்கு

வணக்கம். வெளிநாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆபீஸ் வேலை, வீட்டு வேலை, ஊரில் பெற்றோர், உடம்பு, சேமிப்பு என்று எல்லாமே அரைகுறையாக நிற்கிறது, வருடம் முடிவதற்குள் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் சமமாக நேரம் கொடுக்க நினைத்தால் டிசம்பரில் நடக்காது. இந்த மாதம் எது குறைந்தால் பரவாயில்லை, எது எந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்று முடிவு செய்வதுதான் உங்கள் வேலை.

முதலில் கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 7 மணி என்றால் 49. வேலை, மதிய இடைவேளை, போக வர எல்லாம் சேர்த்து நாளுக்கு 10 மணி, ஐந்து நாளுக்கு 50. குளியல், சாப்பாடு 14. சமையல், பாத்திரம், துணி, கடை என்று வார நாளில் 2 மணி, சனி ஞாயிறில் நாளுக்கு 4 மணி, ஆக 18. மிச்சம் 37. கேட்க நிறைய இருப்பதுபோல் தெரியும். ஆனால் அதில் 22 மணி சனி ஞாயிறிலேயே போய்விடுகிறது, வார நாளில் இரவு 3 மணிதான் கையில் நிற்கும், அதுவும் அலுத்துப்போன 3 மணி. டிசம்பரில் தினமும் 2 மணி கூடுதல் வேலை வந்தால் அது 1 மணியாகிவிடும். நேரம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, இங்கேதான் போகிறது. ஊரில் அந்த 18 மணி வேலையை நாலு பேர் பகிர்ந்துகொண்டிருப்பார்கள், இங்கே நீங்கள் ஒருவர்தான்.

அந்த 18-ஐக் குறைப்பதுதான் சுலபம். ஞாயிறு ஒரே மூச்சில் நாலு நாளுக்குச் சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் வார நாளில் நாளுக்கு ஒரு மணி மிச்சமாகும். சமைத்த சோற்றை வெளியே ஆறவிட்டு மறக்காதீர்கள். சீக்கிரம் ஆற்றி உள்ளே வைக்க வேண்டும். நாலு நாளுக்கு மேல் வேண்டியதை ஃப்ரீசரில் போடுங்கள்.

உடற்பயிற்சிக்குத் தனி நேரம் தேடாதீர்கள். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி. மதிய இடைவேளையில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஐந்து நாளில் அது முடிந்துவிடும், அந்த 37-இலிருந்து ஒரு நிமிடமும் போகாது. குளிர்நாட்டில் நடக்க மதியம்தான் சரியான நேரம். வேலை முடிந்து கிளம்பும்போது வெளியே இருட்டிவிடும், பகல் வெளிச்சமே படாமல் வாரம் ஓடினால் தூக்கமும் மனசும் சேர்ந்து கெடும்.

பெற்றோருடன் பேச வாரத்துக்கு இரண்டு சின்ன அழைப்பு, ஒரு நீண்ட அழைப்பு என்று கிழமை குறித்துவிடுங்கள். தினமும் பேசுவேன் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் விட்டால் அவர்களுக்குக் கவலைதான் மிஞ்சும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. ஊரில் மாறாது. கோடையில் நீங்கள் வழக்கமாகக் கூப்பிட்ட நேரம் அவர்களுக்கு இரவு 9 என்றால் இப்போது 10. தூக்கக் கலக்கத்தில் எடுத்து இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறார்கள் என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஒரு மணி நேரம் முன்னதாகக் கூப்பிடுங்கள்.

ஆபீஸில் புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எனக்கு இங்கே குடும்பம் இல்லை, விடுமுறை நாட்களில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லா நாளையும் ஏற்றுக்கொள்வது. நல்ல மனசுதான், ஆனால் ஜனவரியில் எல்லோரும் ஓய்வெடுத்துத் திரும்பும்போது நீங்கள் மட்டும் களைத்துப்போயிருப்பீர்கள். ஒன்றிரண்டு நாள் ஏற்றுக்கொள்ளுங்கள், பதிலுக்கு எந்தத் தேதியில் லீவு என்பதை அப்போதே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் மேனேஜர் மாறும்போது காணாமல் போகும். மிச்சமிருக்கும் லீவைப் பற்றி ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை நாள் அடுத்த வருடத்துக்குப் போகும், எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் பணமாகத் தருவார்களா.

பணத்துக்கு இந்த மாதம் ஒரே ஒரு மணி நேரம் போதும். வருடத்தின் சம்பளச் சீட்டுகளையும் ஊருக்கு அனுப்பிய ரசீதுகளையும் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். நாட்டுக்குள் வந்த, வெளியே போன தேதிகளையும் குறித்து வையுங்கள். வரிக்கு எந்த நாட்டில் வசிப்பவர் என்று பார்க்கும்போது பல நாடுகளில் அங்கே 183 நாள் இருந்தீர்களா என்ற கணக்கு வரும்.

படிப்பு, சான்றிதழ் தேர்வு, புது வீடு தேடல், இவை மூன்றும் டிசம்பரில் கைவிடக்கூடியவை. நண்பர்களைக் கைவிடாதீர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருவரையாவது நேரில் பாருங்கள். தள்ளிப்போட்ட ஒவ்வொன்றுக்கும் காலண்டரில் ஒரு ஜனவரித் தேதி போடுங்கள். முதல் வாரம் வேண்டாம், தேங்கிய மின்னஞ்சலுக்கே அது சரியாக இருக்கும். இரண்டாவது வாரத்திலிருந்து தொடங்குங்கள்.